டென்சிலின் தண்ணீர்ப் பெட்டி

கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால், பழைய தங்கச் சுரங்கக் கம்பெனியின் லைன் வீடுகளில் ஒன்றில், சீட்டுக் கூரைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைக் குளிர வைக்க எடுக்கப்பட்ட முயற்சிகளுக்கும் அது அடைந்த சூட்டுக்கும் துளியும் சம்பந்தமில்லை. அதைக் கட்டியவன் டென்சில்.

தோஹாவில் பதின்மூன்று வருடமாக அவன் பார்த்துவந்த வேலை, பெரிய கட்டடங்களுக்குள் குளிர்ந்த காற்று எந்த வழியாக வர வேண்டும், சூடான காற்று எந்த வழியாகப் போக வேண்டும் என்று படம் போடுவது. வெளியே பாலைவனம் கொதிக்கும்போது, உள்ளே மனிதர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடை கடையாக நடப்பதற்கு அவனும் ஒரு காரணம். அப்பேர்ப்பட்டவனால் ஒரு சூட்கேஸ் அளவுப் பெட்டியை ஆற வைக்க முடியவில்லை. இதை வேறு யாராவது சொல்லிக்காட்டுவதற்குள் அவனே சொல்லிவிடுவான். தன்னைக் கிண்டல் செய்வதில் முந்திக்கொண்டால் அடி கொஞ்சம் லேசாக விழும் என்பது அவன் நினைப்பு.

பெட்டியைப் போன லீவில் வந்தபோது பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்திருந்தான். மனைவி ஷைலாவிடம் அதை டிசைன் மெஷின் என்று சொல்லியிருந்தான். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு, வளைந்து வளைந்து ஓடும் குழாய்களில் பச்சைத் தண்ணீர். டிசைன் மெஷினுக்கு எதற்குக் கல்யாண மண்டப லைட்டு என்று ஷைலா கேட்டாள். சூடு தெரிவதற்கு என்றான். ஆண்டர்சன்பேட்டையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் அவள்; பொய் சொல்கிற முகத்தைத் தினமும் முப்பது தடவை பார்க்கிறவள். அடுத்த வாரமே, அவன் அந்த மெஷினில் ஒரு கேமில் ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். தோஹாவில் டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை தோற்று, கடைசிவரை கம்பெனி பஸ்ஸிலேயே போய்வந்த மனிதன் அவன்.

பெட்டி வேலை செய்யும் விதம் லாரி எஞ்சினைப் போலத்தான். ஒரு பம்ப் தண்ணீரைத் தள்ளும். தண்ணீர், சூடாகும் சில்லுகளின் மேல் ஓடி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு இரண்டு ரேடியேட்டர்களுக்குப் போகும். முன்பக்கம் ஒன்று, மேலே ஒன்று. அவற்றின் ஊடாக ஃபேன்கள் காற்றை ஓட்டும். தண்ணீர் ஆறித் திரும்பும். தண்ணீரின் சூடு ஐம்பத்தைந்து டிகிரியைத் தொட்டால் மெஷின் தானாக அணைந்துவிடும்படி டென்சிலே அமைத்திருந்தான். அவன் பயந்த சுபாவம். எதற்கும் ஒரு கைகாவல் வேண்டும்.

லாரி ஓட்டும்போது அணைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இந்த ஆடி மாதம் நிலைமை வேறு. தோஹாவில் ஒரு புது ஆஸ்பத்திரிக்கு அவன் கம்பெனி வேலை எடுத்திருந்தது. கூரைக்கு மேலே காற்றுக் குழாய்கள் ஓடும் விதத்தை, உள்ளே நடந்து பார்ப்பதுபோல ஒரு வீடியோவாகச் செய்து தர வேண்டும். டென்சில் லீவில் வந்தவன், இதை வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று மேனேஜரிடம் தைரியமாகச் சொல்லிவிட்டான். சொல்லும்போது நாக்கு உலர்ந்துபோனது. மேனேஜர் யோசித்துவிட்டு, அங்கே வேலை நாளான ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் வீடியோ வந்து சேர்ந்தால் இனி அங்கிருந்தே வேலை பார்க்கலாம், வராவிட்டால் மாதக் கடைசிக்குள் கிளம்பி வந்துவிட வேண்டும் என்றார்.

ஷைலாவிடம் அவன் இதைச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து வருடத்துக்கு ஒரு மாதம்தான் அவர்கள் குடும்பம் நடத்தியிருந்தார்கள். அந்த ஒரு மாதத்திலும் பாதி, சொந்தக்காரர் வீடுகளில் சாப்பிட்டே கழியும். அவள் கையில் இருந்த சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

“அந்த லாரி ஓட்ற பொட்டிதான் இத செய்யணுமா?”

“ஆமா.”

“அதுவா,” என்றாள் ஷைலா. அதற்கு மேல் அவனை நோகடிக்கத் தேவையிருக்கவில்லை.

வீடியோவை மெஷின் உருவாக்க ஏறக்குறைய ஒரு முழு நாள் ஓட வேண்டும். சோதனைக்கு ஓடவிட்டதில் இரண்டு மணி நேரத்திலேயே தண்ணீர் ஐம்பத்தைந்தைத் தொட்டு, பெட்டி கண்ணை மூடிக்கொண்டது. அன்றிலிருந்து டென்சில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் திரிந்தான்.

இந்த ஊரில் ஒருவன் காற்றோட்டத்தில் சிக்கல் என்று வாயைத் திறந்தால் போதும். சுரங்கத்தில் இரண்டு மைல் ஆழத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள். காற்றைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. எதிர் லைனில் இருக்கும் பர்னபாஸ், சுரங்கக் குழியில் ஆட்களின் கூண்டை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டி ரிடையர் ஆனவர், மாலையில் லுங்கியும் மங்கி கேப்புமாக வந்து பெட்டியின் முன் குந்தினார். கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

“காத்த தள்ளக் கூடாது டென்சில். இழுக்கணும். மைன்ஸ்ல இன்னா பண்ணாங்க? மேல பெரிய ஃபேன வெச்சி இழுத்தாங்க. நல்ல காத்து தானா எறங்கி வந்துச்சி.”

“இது அவ்ளோ ஆழம் இல்லியே அங்கிள்.”

“ஆழம் இல்ல, ஆனா சூடு கீதுல்ல?”

அதற்கு டென்சில் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் தோஹாவில் அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் கோரமண்டலில் பிறந்தவனுக்கு, மைன்ஸில் செய்தார்கள் என்ற வார்த்தை வேத வாக்கியம் மாதிரி. அவன் எல்லா ஃபேன்களையும் கழற்றித் திருப்பி, அத்தனையும் காற்றை வெளியே இழுக்கும்படி மாட்டினான். முதல் நாள் இரண்டு டிகிரி குறைந்தது. பர்னபாஸ் லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் முன்னைவிடச் சீக்கிரமாக அணைந்தது.

கழற்றிப் பார்த்தபோது டென்சிலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காற்றை வெளியே இழுத்தால் உள்ளே வெற்றிடமா இருக்கும்? பெட்டியில் இருந்த ஒவ்வொரு இடுக்கும், ஸ்க்ரூ ஓட்டையும், கண்ணாடியின் விளிம்பும் மூக்காக மாறி, கிடைத்ததை எல்லாம் உறிஞ்சியிருந்தன. கிடைத்தது சயனைட் மேட்டுத் தூசி. தங்கம் பிரித்தபின் கொட்டிக் கொட்டி மலையான அந்த வெள்ளைச் சாம்பல் மண், ஆடிக் காற்றில் முகப் பவுடரைப் போலப் பறந்து வரும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அது கம்பளி மாதிரி படிந்திருந்தது. தோஹாவில் யாராவது ஜூனியர் இப்படிப் படம் போட்டுக்கொண்டு வந்திருந்தால், டென்சில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்திருப்பான்.

பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினான். முன்பக்க ஃபேன்கள் காற்றை உள்ளே தள்ள, மேலே இருப்பவை மட்டும் வெளியே எடுக்க, முறைப்படி மாற்றினான். முன்னால் மெல்லிய வலைத் தடுப்பு போட்டான். உள்ளே தள்ளுவது வெளியே எடுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும்படி வேகத்தைச் சரிசெய்தான். இடுக்குகள் வழியாக இனிமேல் காற்று வெளியேதான் கசியும், தூசி நுழையாது. நியாயமான வேலை. ஆனாலும் நாலு மணி நேரத்தில் ஐம்பத்தைந்து.

அதற்குப் பிறகு அவன் செய்தவற்றை வெளியே சொல்ல மாட்டான். சில்லுகளின் மேல் பசையைத் துடைத்து மறுபடி பூசினான். பம்ப்பின் மேல் காதை வைத்துக் கேட்டான். பச்சைத் தண்ணீரை வடித்து ரோஸ் நிறத் தண்ணீர் ஊற்றினான். சூடு மாறவில்லை. ஷைலாவுக்கு ரோஸ் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை மாலை அவள் டீ கொண்டுவந்தாள். கை நிறைய டம்ளர் இருந்ததால் கதவைக் காலால் தள்ளித் திறந்து, அப்படியே நின்று, பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒரு கதையைச் சொன்னாள். டென்சில் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டே திரையில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்து மூன்று. ஐம்பத்து இரண்டு. ஐம்பத்து ஒன்று. அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஐம்பத்து இரண்டு. ஐம்பத்து மூன்று.

அவன் எழுந்து கதவைத் திறந்தான். நெற்றியில் காற்று பட்டது. அப்போதுதான் தன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தான். அறைக்குள் அடுப்பங்கரைச் சூடு. ஜன்னலைப் பார்த்தான். சாத்தி, தாழ் போட்டு, கீழ் இடுக்கில் பழைய துண்டு செருகியிருந்தது.

அதை அவனேதான் சாத்தியிருக்க வேண்டும். எப்போது என்று நினைவில்லை. காற்று எழுந்தால் மேட்டுப் பக்க ஜன்னலைச் சாத்துவது இந்த ஊரில் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. தூசி விழும்போது கண் இமைப்பதுபோல. அரிசிப் பானையை மூடுவார்கள், கட்டிலில் விரிப்பை இழுத்து விடுவார்கள், ஜன்னலைச் சாத்தித் துண்டு செருகுவார்கள். டென்சில் பெட்டிக்குள் காற்று போகும் வழியை மூன்று நிறத்தில் படம் போட்டு வைத்திருந்தான். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. பெட்டி அறைக்குள் சூட்டை ஊதியது. அறை அதையே திருப்பிக் கொடுத்தது. பெட்டி மறுபடி வாங்கிக்கொண்டது. தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் அறையின் காற்றைவிடக் குளிர முடியாது. இது பாடத்தின் முதல் பக்கம். அவன் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறான்.

ஜன்னலைத் திறந்தான். காற்று குபுகுபுவென்று வந்தது, மண்ணும் வந்தது. அரை மணியில் மேஜையின் மேல் விரலால் பெயர் எழுதலாம். திறந்தால் ரேடியேட்டர் அடைக்கும், மூடினால் வேகும்.

கொசுவலையைக் கட்டிப் பார்த்தான். கண் பெரிசு, மண் தாராளமாக நுழைந்தது. ஜன்னலில் புடவையைக் கட்டினான், காற்றே நுழையவில்லை. அன்று அவன் வீட்டுத் துணி ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு திரிந்ததைக் கண்டு ஷைலா என்ன தேடுகிறீர்கள் என்றாள். சொன்னான். கொஞ்சம் தயங்கிவிட்டு, ரொம்ப மெல்லிய நெட்டு மாதிரி, நாலைந்து மடிப்பாகப் போட்டால், என்று இழுத்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் கேட்கத் தயங்குவது கல்யாணத்தன்று அவள் தலையில் போட்ட முக்காட்டு நெட்டு. டிரங்குப் பெட்டிக்குள் இருந்து அதை எடுத்து வந்து அவன் மடியில் போட்டாள்.

“ஒரு நாளைக்கு என் மூஞ்ச மூடினதுதான். போய் உங்க பொட்டிக்குக் கட்டுங்க.”

“கிழிஞ்சிட்டா?”

“நீங்க இங்க இருந்தா கிழியட்டும்.”

ஜன்னல் கம்பிகளுக்கு வெளிப்பக்கம் அதை ஐந்து மடிப்பாக இழுத்துக் கட்டி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கினான். மண் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. காற்று உள்ளே வந்தது. சூடு எதிர்க் கதவு வழியாகச் சமையலறைக்குப் போய், அங்கிருந்து புழக்கடைக்கு ஓடியது. வெள்ளிக்கிழமை முழுக்கச் சோதனைக்கு ஓடவிட்டான். தண்ணீர் நாற்பத்து நாலில் நின்றது. பர்னபாஸ் வந்து பார்த்து, இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன் என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தான். இன்வெர்ட்டர் தயார். ஞாயிறு காலை எண்பது சதவீதம் முடிந்திருந்தது. தண்ணீர் நாற்பத்து நாலு. அன்று சர்ச்சில் பைபிளிலிருந்து இரண்டாம் பாடம் வாசிக்க அவன் பெயர் போட்டிருந்தது. போகவில்லை என்றால் செகரட்டரி சுந்தரராஜ் வீட்டுக்கே வந்து காரணம் கேட்பார். மெஷினின் சூட்டைப் போனில் பார்க்கும் ஏற்பாடு இருந்தது. நெட்டுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

முதல் பாட்டு வரை அவன் போனைத் தொடவில்லை. பாவ அறிக்கை முடிந்ததும், தகுந்த நேரம் என்று நினைத்து, பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துப் பார்த்தான். நாற்பத்து நாலு. சங்கீதம் வாசிக்கும்போது நாற்பத்து ஏழு. வெயில் ஏறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். முதல் பாடம் ஆரம்பித்தபோது நாற்பத்து ஒன்பது. இதற்கு வெயில் காரணம் இல்லை. இது சாத்திய ஜன்னலின் ஏற்றம். ஒரு வாரமாக அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஏற்றம்.

இரண்டு வரிசை முன்னால் சுந்தரராஜ் திரும்பி, கண்ணாடிக்கு மேலாக அவன் புத்தகத்தைப் பார்த்தார். டென்சிலின் காது மடல் சூடானது. அடுத்து வாசிக்க வேண்டியவன் அவன். எழுந்து போனால் சபை முழுக்கப் பார்க்கும். போகாவிட்டால் மாதக் கடைசியில் ஏர்போர்ட். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று அவன் உண்மையாகவே யோசித்தான் என்பதை நினைத்தால் பின்னால் அவனுக்கே வெட்கமாக இருந்தது. போனை ஷைலாவின் பக்கம் சாய்த்தான்.

“ஜன்னல்,” என்றான்.

அவள் எண்ணைப் பார்த்தாள். “போங்க. நான் படிச்சிக்கிறேன்.”

முதல் பாடம் வாசித்தவர் இறங்க, ஷைலா எழுந்து முன்னால் நடந்தாள். டென்சில் குனிந்தபடி பின்னால் நடந்தான். கதவுக்கு வெளியே வந்ததும் ஓடினான். தோஹாவில் லிஃப்ட்டுக்குக் காத்திருந்து பழகிய உடம்பு. ரயில்வே கேட் தாண்டுவதற்குள் விலாவில் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி ஓடினான். எதிரே வந்தவர்கள் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கையை மட்டும் ஆட்டினான்.

வீட்டு ஜன்னல் அழகாகச் சாத்தியிருந்தது. அதன் கீழே, அடுத்த வீட்டு ரத்தினம்மா, நெட்டை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா நைனா, ஜன்னல இப்படி தொறந்து போட்டுட்டா ரெண்டு பேரும் போவீங்க? மேட்டு மண்ணு பூரா உள்ள போவுது. நல்லவேள நான் பாத்தேன். துணி வேற நனைஞ்சி மண்ணா கெடந்துச்சி, அவுத்துட்டேன். தொவைக்கப் போடவா?”

அவளைக் கோபித்துக்கொள்ள அவனுக்கு மூச்சும் இல்லை, முகமும் இல்லை. இதே வீட்டில், ஆள் இல்லாதபோது காற்று எழுந்தால், இருபது வருடமாக அவள்தான் சாத்தி வந்திருக்கிறாள். அவனும் அவள் வீட்டு ஜன்னலைச் சாத்தியிருக்கிறான். ஜன்னலை இழுத்துத் திறந்துவிட்டு உள்ளே ஓடினான். அறையின் சூடு முகத்தில் அடித்தது. திரையில் ஐம்பத்து நாலு. வேலை தொண்ணூற்று மூன்று சதவீதம். இப்போது அணைந்தால் முடிந்தவரைக்கும் மிஞ்சும்; மறுபடி ஏற்றி, ஆரம்பித்து, மிச்சத்தை ஓட்ட நேரம் மிஞ்சாது.

காற்றோட்டப் பொறியியலில் பதின்மூன்று வருட அனுபவம் உள்ள டென்சில், சட்டைப் பையில் இருந்த ஆராதனைத் தாளை எடுத்து, ரேடியேட்டருக்கு விசிற ஆரம்பித்தான். ரத்தினம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

“யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

“பொட்டிக்கு, அக்கா. காத்து வேணும்.”

அவள் போய் முறத்தை எடுத்து வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று வீச ஆரம்பித்தாள். அரிசி புடைத்துப் பழகிய கை. அவள் ஒரு வீச்சு அவன் பத்து வீச்சுக்குச் சமம். மண்ணும் சேர்ந்து வந்தது. வரட்டும் என்று விட்டான். எண் ஐம்பத்து நாலில் நின்றது. வெகுநேரம் நின்றது. ஐம்பத்து மூன்று ஆனது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

முடிந்த வீடியோ தோஹாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. மேனேஜர் பார்த்துவிட்டுப் போன் செய்தார். குழாய்கள் நன்றாக ஓடுகின்றன, அங்கேயே இருந்துகொள், அடுத்த மாடியின் படங்களை நாளை அனுப்புகிறேன் என்றார். அவ்வளவுதான். இப்படி இரண்டு வாக்கியத்தில் முடிகிற விஷயத்துக்கா பல வருடம் கேட்க முடியாமல் நாக்கு உலர்ந்தது என்று டென்சில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ரத்தினம்மா வெளியே இருந்து, ஜுரம் எறங்கிச்சா, அப்ப ஜன்னல சாத்தட்டுமா என்று கேட்டாள். இனிமேல் சாத்தவே கூடாது என்று அவன் விளக்கினான். சூடு, காற்று, ரேடியேட்டர் எல்லாம் சொன்னான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில், சரி நைனா, ஆனா காத்து வந்தா என் கை தானா போவுமே, என்றாள். அது உண்மை என்று அவனுக்குத் தெரியும். அவன் கையும் அப்படித்தான். நாளைக்கே அவனே சாத்திவிட்டு, பம்ப்பில் கோளாறு என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

எனவே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தான். ஷைலா சர்ச்சிலிருந்து திரும்பியபோது, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் மண்ணோடு டென்சில் ஒரு பக்கமும், ரத்தினம்மா மறுபக்கமும் பிடிக்க, ஜன்னல் கதவு கீலை விட்டுக் கழன்று அவர்கள் கையில் இருந்தது. அவள் பைபிளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா இது?”

“கதவ கழட்டிட்டேன்.”

“அது தெரியுது. தோஹாவுல இன்னா சொன்னாங்க?”

“அதனாலதான் கழட்டினேன்.”

ஷைலா ஜன்னல் இருந்த சதுரத்தைப் பார்த்தாள். அதன் வழியாகக் கட்டில், மேஜை, ரோஸ் நிறத் தண்ணீர் எல்லாம் தெருவுக்குத் தெரிந்தன. காற்று அவள் முந்தானையைத் தூக்கியது, கையால் அழுத்திக்கொண்டாள். சுந்தரராஜ் சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார் என்றாள். பிறகு கதவின் ஒரு முனையை ரத்தினம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

“கட்டிலுக்குக் கீழ வைங்க,” என்றாள். “மழ வந்தா தேடுவீங்க. அப்ப எங்க இருக்குன்னு தோஹாவுலேர்ந்து கேக்கற மாதிரி எனக்கு போன் பண்ண வேணாம், நான் பக்கத்துலதான் இருப்பேன்.”